ரோஸ்மேரியை மைக்ரோவேவில் வைத்துச் சாறு இறக்கலாமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் கொஞ்சம் ரோஸ்மேரி போட்டிருக்கிறேன், தேயிலையும் உண்டு. இலையில் ஸ்பிரிட் ஊற்றி மைக்ரோவேவில் வைத்தால் சத்தெல்லாம் சில நிமிடத்தில் இறங்கிவிடும் என்கிறார்கள். வீட்டு மைக்ரோவேவ் போதுமா? பக்கத்தில் வின்டர்கிரீன் என்ற செடியின் இலையிலிருந்து தைலம் காய்ச்சுகிறார்கள், அதற்கும் சரிவருமா?

பதில்: ஸ்பிரிட் வேண்டாம், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதிலுள்ள எத்தனால் என்ற ஆல்கஹாலின் ஆவி காற்றில் 3.3 சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கும், வீட்டு மைக்ரோவேவிலோ ஆவி வெளியேற ஒழுங்கான வழி இல்லை, உள்ளே பொறி பறக்கிற சுவிட்சுகள் உண்டு. ஆய்வுக்கூடங்களில் இருப்பது வேறு ரகம், வெப்பத்தையும் அழுத்தத்தையும் அளந்து தானே நிறுத்திக்கொள்ளும். கடையில் விற்கும் மெத்திலேட்டட் ஸ்பிரிட்டில் மெத்தனால் வேறு இருக்கும், வாயில் வைக்கிற எதற்கும் அது ஆகாது.

மைக்ரோவேவ் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் மற்றது தானாக விளங்கும். 2450 மெகாஹெர்ட்ஸ் அலை முக்கியமாக நீர் மூலக்கூறுகளைத்தான் ஆட்டுகிறது, இலைக்குள் இருக்கும் ஈரம் சட்டென்று சூடேறி, ஆவியாகி, செல் சுவரைப் பிளந்து உள்ளிருப்பதை வெளியே தள்ளுகிறது. அதனால் காய்ந்த இலையை அப்படியே வைத்தால் பெரிதாக ஒன்றும் நடக்காது, நனைத்து ஊற வைக்க வேண்டும். பச்சை இலைக்கு அதுவும் தேவையில்லை. பச்சை ரோஸ்மேரியைத் தண்ணீரே சேர்க்காமல் இதற்கென்றே உள்ள மைக்ரோவேவ் வடிகலனில் வைத்தால், சாதாரண வடிப்பில் மூன்று மணி நேரம் பிடிப்பது முக்கால் மணிக்குள் முடிந்துவிடும். ஆனால் மிச்சமாவது நேரமும் விறகும்தான், எண்ணெய் இரட்டிப்பாகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

வீட்டில் தண்ணீரை வைத்துச் செய்யலாம். ரோஸ்மேரியில் ரோஸ்மரினிக் அமிலம் தண்ணீரில் இறங்கும், எண்ணெய் கெட்டுப்போகாமல் காக்கும் கார்னோசிக் அமிலம் இறங்காது. அது வேண்டுமென்றால் சாப்பிடத் தகுந்த எண்ணெயில் நன்றாகக் காய்ந்த இலையை ஊறவைப்பதே மேல், மைக்ரோவேவை மறந்துவிடுங்கள்.

வின்டர்கிரீனுக்கு வருவோம், கேள்வியில் சுவாரசியமான பகுதி அதுதான். அந்தத் தைலத்தின் வாசனைக்குக் காரணமான மெத்தில் சாலிசிலேட் இலைக்குள் தயாராக உட்கார்ந்திருப்பதில்லை, பெரும்பாலும் சர்க்கரையோடு பிணைந்து கிடக்கிறது. இலை நசுங்கி ஈரம் படும்போது அதிலேயே இருக்கும் ஒரு என்சைம், அதாவது வேதி மாற்றத்தைத் தூண்டிவிடும் புரதம்தான், அந்தப் பிணைப்பை அறுக்கிறது. காய்ச்சுகிறவர்கள் இலையை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போட்டு அப்புறம்தான் அடுப்பு மூட்டுவது சும்மா வழக்கத்துக்காக இல்லை. பறித்த கையோடு மைக்ரோவேவில் தள்ளினால் என்சைம் முதலில் செத்துவிடும், தைலம் குறையும். ஊறவைத்த பிறகு என்றால் மேலே சொன்ன மைக்ரோவேவ் வடிகலனில் தாராளமாக வைக்கலாம்.

தேயிலையில் கதை நேர் எதிர். கொழுந்தைப் பறித்து நசுக்கிவிட்டால் உள்ளிருக்கும் என்சைம், கேட்டகின் என்ற தேயிலைச் சத்துகளைப் பழுப்பாக்கிவிடும், கறுப்புத் தேயிலை செய்ய அதுதான் வேண்டும், உங்களுக்கு வேண்டியது கேட்டகின் என்றால் கூடாது. ஆக, கொழுந்தைத் தட்டில் மெல்லிசாகப் பரப்பி நசுக்காமலே மைக்ரோவேவில் சூடு காட்டி என்சைமை முடக்குங்கள். கொழுந்து துவண்டு, காம்பை வளைத்தால் ஒடியாமல் மடங்க வேண்டும், ஓரம் கருகினால் சூடு அதிகம். பிறகு காயவைத்து, பொடித்து, 1 கிராமுக்கு 20 மில்லி தண்ணீர் கணக்கில் கண்ணாடிப் பாத்திரத்தில், மூடியை இறுக்காமல், அரை நிமிடம் வைத்து எடுத்துக் கலக்கி, தெர்மாமீட்டரில் பார்த்து மறுபடி வையுங்கள். 80 டிகிரியைத் தாண்ட விடாதீர்கள், தொடர்ந்து சூடேறினால் கேட்டகின் உருமாறும். கொதி வந்தால் நிறுத்திக்கொள்ளலாம் என்று இருந்துவிட வேண்டாம், உங்கள் உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 94 டிகிரியில் கொதிக்கும், அதற்குள் காலம் கடந்திருக்கும். காஃபீனும் சேர்ந்துதான் இறங்கும். வடிகட்டியதை உடனே ஃபிரிட்ஜில் வைத்து ஓரிரு நாளில் பயன்படுத்திவிடுங்கள்.