மான் கடித்த கன்றும் புல்லுக்குள் கிடக்கும் கன்றும்

கேள்வி: மலைச்சரிவில் உள்ள என் நிலத்தில் பழைய காட்டை மீட்க 600 நாட்டு மரக்கன்றுகள் நட்டேன். ஒரே பருவத்தில் பாதிக்கு மேல் நுனி போய்விட்டது. மானை விரட்ட எந்த மருந்து தெளிக்கலாம்? வேலி எவ்வளவு உயரம் வேண்டும்?

பதில்: பெரிய மான் என்றால் 6 அடிக்குக் குறையாத வேலி வேண்டும். மருந்து வாங்காதீர்கள். தெளித்த இலையோடு அதன் காவல் முடிந்தது. பிறகு விடும் கொழுந்தைத்தான் மான் தேடி வருகிறது. மழைக்கு மழை மறுபடி தெளிக்கச் சொல்லும் வியாபாரிக்கு மட்டுமே அதில் விளைச்சல்.

முதலில், கடித்தது மான்தானா? மானுக்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது. கவ்விப் பிய்ப்பதால் கடித்த முனையில் நார் பிசிறாகத் தொங்கும். கத்தியால் சீவியதுபோல் சாய்வாக இருந்தால் முயலின் வேலை. முயலுக்கு எதற்கு 6 அடி வேலி?

உங்களிடம் நான் கேட்க விரும்புவது வேறு. கன்றுகளை ஏன் விலைக்கு வாங்கினீர்கள்? நர்சரியில் உரமூட்டி வளர்த்த கன்றின் தளிரில் தழைச்சத்து மிகுதி. தானாக முளைத்ததை விட்டுவிட்டு மான் அதைத்தான் முதலில் மேயும். தாய்மரங்களுக்கு அருகே குனிந்து புல்லை விலக்கிப் பாருங்கள். சாண் உயரத்தில், அடித்தண்டு மட்டும் தடித்து, முடிச்சு முடிச்சாகக் கன்றுகள் கிடைக்கலாம். ஆண்டுதோறும் கடிபட்டுத் துளிர்த்தவை அவை. வேர் ஆழமாக ஊன்றியிருக்கும். கடி குறைந்தால் போதும், எழுந்துவிடும். ஸ்காட்லாந்தின் கிரெய்க் மெகி (Creag Meagaidh) மலை 1986-இல் இயற்கைக் காப்பகமானது. அங்கே வேலியை நம்பவில்லை. ஆடுகளை அகற்றி, செம்மான்களைக் குறைத்தார்கள். பூர்ச்ச (birch) மரங்கள் தாமாகவே சரிவில் ஏறின.

ஆகவே 10 அடிச் சதுரம் ஒன்றுக்கு மட்டும் வேலியிடுங்கள். பக்கத்தில் அதே அளவுக்கு முளையடித்துத் திறந்து விடுங்கள். இரண்டிலும் கன்றுகளை எண்ணி, உயரத்தைக் குறித்து வையுங்கள். உள்ளே மட்டும் கன்று எழுந்தால் மேய்ச்சல்தான் காரணம். உள்ளேயும் எழாவிட்டால் விதை விழவில்லை, அல்லது புல் அமுக்குகிறது. அதற்கு மானைப் பழித்துப் பயனில்லை. அளவான மேய்ச்சலும் குளம்படியும் புல்மெத்தையைக் கிழித்து விதைக்கு மண் காட்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

நிலம் முழுவதையும் வேலியால் அடைத்தால் அதே மான் அண்டை நிலத்தில் மேயும். மலையைப் பகிர்ந்துகொள்ளும் எல்லோரும் சேர்ந்து பேச வேண்டிய விஷயம் இது. சட்டம் அனுமதிக்கும் நாடுகளில் எண்ணிக்கையைக் குறைப்பதென்றால் பெண்மானைக் குறைக்க வேண்டும். கொம்புக்காக ஆண்மானைச் சுடுவதால் மந்தை குறையாது. சட்டம் தடுக்கும் இடத்தில் மானைத் தொடாதீர்கள். சிறு சிறு வேலிகளாகப் போட்டு, மரக்கன்று, மானுக்கு எட்டாத உயரம் போனதும் கழற்றி அடுத்த இடத்தில் கட்டுங்கள்.

ஒரு பருவம் கழிந்ததும் இரு சதுரங்களின் கணக்கையும் எழுதி அனுப்புங்கள். அதுவரை ஒரு கன்றுகூட வாங்க வேண்டாம்.