முழுத் தொகை போய்ச் சேராதது ஏன்?

கேள்வி: ஜெர்மனியில் படிக்கும் மகளின் கல்லூரிக்கு வங்கி வழியாக 2,000 யூரோ அனுப்பினேன். கமிஷனை இங்கேயே கட்டியும், 18 யூரோ குறைவாகச் சேர்ந்திருக்கிறதே?
– வாசகர், திருச்சி

பதில்: அது பெரும்பாலும் இடைநிலை வங்கி பிடித்துக்கொண்ட கட்டணமாக இருக்கும். ஸ்விஃப்ட் எனும், வெவ்வேறு நாட்டு வங்கிகள் பணம் அனுப்பும் தகவலைப் பரிமாறிக்கொள்ளும் முறையில், பணம் வேறு வங்கிகளைக் கடந்து செல்ல நேரிடுவதால், படிவத்தில் வெளிநாட்டுக் கட்டணத்தை இரு தரப்பும் பகிர்வதாகக் குறித்திருந்தால், அவை தம் பங்கை அனுப்பிய தொகையிலிருந்தே கழித்துக்கொள்ளும். கல்விக் கட்டணத்துக்கு, ‘அனுப்புபவரே ஏற்பார்’ என்று குறிப்பதே நல்லது.

உண்மையில், கமிஷனைவிடக் கவனிக்க வேண்டியது மாற்று விகிதம். சந்தையில் 100 ரூபாய்க்கு விற்கும் யூரோவை வங்கி 102 ரூபாய்க்குக் கொடுத்தால், 2,000 யூரோவுக்கு 4,000 ரூபாய் கூடுதலாகப் போகிறது. ‘கமிஷன் இல்லை’ என்ற விளம்பரங்களின் சூட்சுமம் பெரும்பாலும் இதுதான். ஆகவே, கையெழுத்திடும் முன் அன்றைய விகிதத்தைக் கேட்டு ஒப்பிட்டுப் பாருங்கள்.