பத்து மில்லிலீற்றருக்குள்

கேள்வி: சிறுவர் அதிதீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றலாகி வந்திருக்கிறேன். பெரியவர்களுக்கு இரத்தம் எடுத்துப் பழகிய கை, நாலு கிலோப் பிள்ளையைக் கண்டால் நடுங்குகிறது. எதை முதலில் பழகவேண்டும், சிஸ்ரர்? டொக்ரர் திரும்பத் திரும்ப இரத்தம் கேட்டால் நான் ஏதும் சொல்லலாமோ?
– தாதி ஒருவர், சாவகச்சேரி

பதில்: மகள், நாளம் பிடிக்கிறது கை பழகப் பழக வந்துவிடும். வேலையில் இருந்த காலத்தில் புதிதாக வருகிற தாதியருக்கு ஊசியைக் கொடுக்க முதல் கணக்கைத்தான் கொடுப்பேன்.

பிள்ளையின் உடம்பில் கிலோவுக்கு ஏறத்தாழ 80 மில்லிலீற்றர் இரத்தம். நாலு கிலோவுக்கு 320. ஒரு நாளில் அதில் 3 வீதத்தைத் தாண்டாமல், 10 மில்லிலீற்றருக்குள் நிற்கப் பாருங்கோ. ஆர்ட்டீரியல் லைனில், அதுதான் நாடிக்குள் போட்டிருக்கிற குழாயில், நிற்கிற சேலைன் கலந்த இரத்தத்தை ஒவ்வொரு தரமும் ஒன்றரை மில்லிலீற்றர் இழுத்து ஊற்றினால், நாலு தரத்தில் 6 மில்லிலீற்றர் ஆய்வுகூடத்தைக் காணாமலே போய்விடும்! அதைத் திருப்பிச் செலுத்தக்கூடிய மூடிய லைன் உங்கள் பிரிவில் இருந்தால், முதல் கிழமையிலேயே பழகுங்கோ.

மாரி தொடங்கினால் டெங்குப் பிள்ளைகள் வருவார்கள். கடுமையான கட்டத்தில் சில மணித்தியாலத்துக்கு ஒருக்கால் பிசிவி, அதாவது இரத்தத்தில் செங்குழியம் எத்தனை வீதம் என்று, பார்க்கவேண்டும். அதற்கு விரலில் ஒரு குத்தும் மெல்லிய கண்ணாடிக் குழாயில் ஒன்றிரண்டு துளியும் காணும். பச்சைக் குழந்தைக்குக் குதிக்காலின் ஓரங்களில் குத்துங்கோ. நடுவிலும் பின்பக்கத்திலும் எலும்பு கிட்ட. முதல் துளியைத் துடைத்துவிடுங்கோ. பிழிந்து பிழிந்து எடுத்தால் செங்குழியம் உடைந்து பொற்றாசியம் பொய்யாக ஏறிக் காட்டும், பிறகு இன்னொரு குத்து. இரத்தம் உறையாமல் இருக்கப் பொற்றாசிய உப்புப் போட்ட ஈடிரிஏ ரியூப்பில் கூடிப்போனதை மற்ற ரியூப்புக்குள் ஊற்றுகிறதும் இதே கேடுதான்.

மூச்சுக்குழாய் போட்ட பிள்ளை அழுதாலும் சத்தம் வராது. முகம் சுருங்குகிறதையும் மொனிட்டரில் துடிப்பு ஏறுகிறதையும் கவனியுங்கோ. இரண்டு தரம் குத்தியும் கிடைக்காவிட்டால் பக்கத்தில் நிற்கிறவரைக் கூப்பிடுங்கோ.

டொக்ரரிடம் தாராளமாகச் சொல்லலாம். எடுத்த அளவை ஒவ்வொரு தரமும் கட்டில் அட்டையில் எழுதி வையுங்கோ. "இன்றைக்கு ஏழு மில்லிலீற்றர் எடுத்தாச்சு டொக்ரர், இதைப் பின்னேர இரத்தத்தோடு சேர்த்து எடுக்கலாமோ?" என்று கேளுங்கோ. அவசரமான சோதனை என்றால் அவரே சொல்லுவார், உடனே எடுங்கோ. மற்றதுகள் பெரும்பாலும் பின்னேரம் வரைக்கும் பொறுக்கும்.