சாந்தில்லாமல் ஒரு கற்பாலம்

கேள்வி: மலையேற்றப் பாதைகளில் சிமென்ட், சுண்ணாம்பு எதுவுமின்றி, வெறுங்கற்களை வளைவாக அடுக்கிக் கட்டும் நடைபாலம் எப்படிச் சரியாமல் நிற்கிறது?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: முதலில் மரத்தால் வளைவான சாரம் அமைத்து, அதன் மீது இரு கரைகளிலிருந்தும் ஒரே சீராக ஆப்பு வடிவக் கற்களை அடுக்கி வந்து, நடுவே உச்சிக்கல்லை இறுக்கிய பின்னரே சாரத்தை மெல்ல மெல்ல இறக்குவார்கள். அப்போது வளைவு சற்றே அமர்ந்து, கற்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொள்ளும். கல்லின் எடையும் நடப்பவரின் எடையும் அழுத்தமாக மாறிக் கரைகளுக்குச் சென்று சேர்கின்றன; அழுத்தத்தைத் தாங்குவது கல்லுக்கு இயல்பு. ஆனால், வளைவின் பக்கவாட்டு உந்துதலுக்குக் கரைச்சுவர் சிறிது விலகினாலும் பாலம் தளர்ந்துவிடும் என்பதால், என் கருத்தில் உழைப்பின் பெரும்பகுதி அடித்தளத்துக்கே செல்ல வேண்டும். கற்களின் இடுக்குகளில் சில்லுக்கற்களைத் தட்டிச் செருகுவதையும் அற்ப வேலையாக எண்ணிவிடாதீர்கள். எந்தக் கல்லும் ஆடாதிருக்க அதுவே காரணம்.

சாந்தின்றிக் கட்டுவதில் பழுதுபார்ப்பதும் எளிது. இங்கிலாந்தின் எக்ஸ்மூரில் உள்ள ‘டார் ஸ்டெப்ஸ்’ வளைவில்லாத, பலகைக்கற்களால் ஆன நடைபாலம். 2012ஆம் ஆண்டு வெள்ளம் அதன் கற்களை அடித்துச் சென்றபோது, முன்பே எண்ணிடப்பட்டிருந்த அவற்றைத் தேடி எடுத்து, அதனதன் இடத்தில் மீண்டும் வைத்தார்கள்.