கணினி கேள்வி பதில்: அப்டேட்டுக்குப் பிறகு தராசும் கணக்கும் பேசிக்கொள்ளவில்லை

கேள்வி: எங்கள் தேயிலைத் தொழிற்சாலை அலுவலகத்தில் இருந்த எல்லாக் கணினிகளையும் ஒரே வாரத்தில் விண்டோஸ் 11-க்கு மாற்றினோம். அதிலிருந்து பச்சைத் தேயிலை எடை போடும் தராசின் எடை கணினிக்கு வருவதில்லை, கையால்தான் ஏற்றுகிறோம். கணக்கு மென்பொருள் ஒரு கணினியில் திறக்கிறது, பக்கத்துக் கணினியில் திறக்கவில்லை. அதை எழுதிக் கொடுத்தவர் இப்போது தொடர்பில் இல்லை. கோவையிலிருந்து ஆள் வர நாளாகும் என்கிறார்கள். பழைய விண்டோஸுக்கே போய்விடலாமா?
- வாசகர், கோத்தகிரி

பதில்: வேறு எதையும் தொடுவதற்கு முன் கணக்கு மென்பொருளை மூடிவிட்டு, அதன் டேட்டா இருக்கும் ஃபோல்டரை முழுதாக ஒரு பென்டிரைவிலும் இன்னொரு கணினியிலும் காப்பி எடுத்து வையுங்கள். விவசாயிகளுக்குத் தர வேண்டிய இலைப் பணத்தின் கணக்கு அதில்தான் இருக்கிறது, மற்றதெல்லாம் அப்புறம்.

திரும்பிப் போக வழி இருக்கிறது, ஆனால் பழைய விண்டோஸின் மேலேயே ஏற்றியிருந்தால் மட்டும். செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் ரெகவரி, அங்கே ‘கோ பேக்’ என்று இருக்கும். சாதாரணமாக 10 நாட்கள்தான் அது கிடைக்கும், டிஸ்க் க்ளீனப் செய்து பழைய கோப்புகளை அழித்திருந்தால் அதுவும் கிடையாது. பார்மட் செய்து புதிதாகப் போட்டிருந்தால் இந்தப் பேச்சே இல்லை. போக முடிந்தாலும் நான் போகச் சொல்ல மாட்டேன். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது, அதற்கு மேல் பாதுகாப்பு அப்டேட் வேண்டுமென்றால் நிறுவனங்கள் கணினிக்கு இவ்வளவு என்று பணம் கட்ட வேண்டும், அதுவும் அதிகபட்சம் 3 ஆண்டுகளுக்குத்தான்.

தராசு விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் தராசு அநேகமாகப் பழைய சீரியல் கேபிளில் வந்து, ஒரு யூஎஸ்பி கன்வெர்ட்டர் வழியாகக் கணினிக்குள் போகும். டிவைஸ் மேனேஜரைத் திறந்து ‘போர்ட்ஸ்’ என்ற வரியைப் பாருங்கள். மஞ்சள் முக்கோணம் இருந்து, பக்கத்தில் பிஎல்2303 (கன்வெர்ட்டருக்குள் இருக்கும் சிப்) என்ற பெயரும் ‘ஃபேஸ்டு அவுட் சின்ஸ் 2012’ என்ற வாசகமும் தெரிந்தால் காரணம் கிடைத்துவிட்டது: அந்தச் சிப்பின் பழைய ரகத்தைப் புதிய டிரைவர் (கருவியைக் கணினியோடு பேச வைக்கும் மென்பொருள்) ஏற்பதில்லை. போலிச் சிப் என்றாலும் இதேபோல் ஒரு மறுப்பு வரும். ‘அப்டேட் டிரைவர்’ போய், பட்டியலிலிருந்து நானே தேர்ந்தெடுக்கிறேன் என்பதை அழுத்தி, பழைய பதிப்பு இருந்தால் அதைப் போடலாம், ஆனால் விண்டோஸ் அப்டேட் மறுபடியும் புதியதைக் கொண்டுவந்துவிடக்கூடும். விண்டோஸ் 11-க்கு டிரைவர் உள்ள ஒரு நல்ல கன்வெர்ட்டர் வாங்கிவிடுவதுதான் நிம்மதி.

முக்கோணமே இல்லையா? அப்படியானால் போர்ட் எண் மாறியிருக்கலாம். முன்பு காம் 1 ஆக இருந்தது இப்போது காம் 5 ஆகியிருக்கும், உங்கள் மென்பொருளோ இன்னும் 1-இலேயே காத்துக்கொண்டிருக்கும். அந்தப் போர்ட்டின் ப்ராப்பர்டீஸில் ‘அட்வான்ஸ்டு’ போய் பழைய எண்ணைத் திரும்பக் கொடுங்கள். பாட் ரேட்டையும் (டேட்டா போகும் வேகம்) தராசில் உள்ளதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பழைய டிரைவர் ஓட வேண்டுமென்று விண்டோஸின் ‘மெமரி இன்டெக்ரிட்டி’ என்ற பாதுகாப்பை அணைக்கச் சொல்லி யாராவது யோசனை தந்தால் கேட்காதீர்கள், ஒரு கேபிளுக்காக மொத்தக் கணினியின் காவலையும் எடுத்துவிடக் கூடாது.

கணக்கு மென்பொருள் ஒரு கணினியில் திறக்கிறது என்றீர்களே, அது பெரிய உதவி. விண்டோஸ் 11 இரண்டிலும் ஒன்றுதான், ஆகவே விண்டோஸைத் திட்டுவதை நிறுத்திவிட்டு, இரண்டையும் பக்கத்தில் வைத்து வித்தியாசத்தைத் தேடுங்கள். முதலில் எம்எஸ் ஆபீஸ். பழைய மென்பொருள்கள் பெரும்பாலும் 32 பிட், ஆபீஸ் 2019-லிருந்து நாமாக மாற்றாவிட்டால் 64 பிட்டாகத்தான் இறங்கும். ஆக்செஸ் கோப்பில் டேட்டா வைத்திருக்கும் மென்பொருளாக இருந்தால் ‘ப்ரொவைடர் ஈஸ் நாட் ரெஜிஸ்டர்டு’ என்று வந்து நிற்பது பலநேரம் இந்த இரண்டும் ஒத்துப்போகாததால்தான். அந்தக் கணினியில் ஆபீஸை எடுத்துவிட்டு 32 பிட் போட்டுப் பாருங்கள். அடுத்து டாட்நெட் 3.5 (பழைய மென்பொருள்கள் பல ஓடத் தேவையான விண்டோஸ் பகுதி), அது விண்டோஸ் 11-இல் தானாக இருக்காது, ‘விண்டோஸ் ஃபீச்சர்ஸ்’ போய் டிக் செய்ய வேண்டும், இன்டர்நெட்டும் வேண்டும். அதற்கும் சரியாகவில்லை என்றால் ஐகானில் ரைட் கிளிக் செய்து ‘கம்பாட்டிபிலிட்டி’யில் விண்டோஸ் 7 என்று வைத்துப் பார்க்கலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றியதை எழுதி வையுங்கள். நான்கை ஒன்றாக மாற்றிவிட்டு எது சரிசெய்தது என்று தெரியாமல் இருந்தால் அடுத்த அப்டேட்டில் மறுபடி முதலிலிருந்து தேட வேண்டும்.

டாஸ் காலத்து 16 பிட் மென்பொருள் என்றால் மட்டும் இதெல்லாம் பலிக்காது. விண்டோஸ் 11 என்பது 64 பிட் மட்டுமே, அதில் அவை ஓடாது. டேட்டாவை எக்ஸெலுக்கு எடுத்துக்கொண்டு வேறு மென்பொருளுக்கு மாறுங்கள், இந்த ஆண்டே.

கேள்வி: கணினியைப் புதுப்பித்த பிறகு தொழிலாளர்களின் சம்பளச் சீட்டில் தமிழ் எழுத்துகளுக்குப் பதில் என்னென்னவோ குறிகள் வருகின்றன.
- வாசகி, குன்னூர்

பதில்: உங்கள் சீட்டு யூனிகோடுக்கு (எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துமுறை) முந்தைய ஏதோ ஒரு தமிழ் எழுத்துருவில் இருக்கிறது, அந்த எழுத்துரு இப்போது கணினியில் இல்லை. நேற்றே போட்டேனே என்பீர்கள். டபுள் கிளிக் செய்து போட்டால் அது உங்கள் லாகினுக்கு மட்டும் போய் உட்கார்ந்துகொள்ளலாம், பழைய மென்பொருள்களில் சில அதைக் கண்டுகொள்வதில்லை. எழுத்துருக் கோப்பில் ரைட் கிளிக் செய்து ‘இன்ஸ்டால் ஃபார் ஆல் யூசர்ஸ்’ கொடுங்கள். தன் கூலி எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு என்று ஒரு தொழிலாளி வாசித்துப் பார்க்க முடியாத சீட்டைக் கையில் கொடுப்பது சரியில்லை, அதனால் இதை இன்றே செய்துவிடுங்கள். பிறகு நிதானமாக யூனிகோடுக்கு மாறுங்கள்.

கேள்வி: இவ்வளவு தொல்லை எதற்கு, அப்டேட்டையே நிரந்தரமாக நிறுத்திவிட்டால் என்ன?
- வாசகர், உதகை

பதில்: வேண்டாம். தள்ளிப்போடலாம். விண்டோஸ் 11-இல் 5 வாரம் வரை ‘பாஸ்’ (தற்காலிக நிறுத்தம்) செய்து வைக்க இடமிருக்கிறது. மாதாந்திர அப்டேட் ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய் அன்று, நம் நேரத்துக்கு இரவில் வெளியாகிறது. தராசும் பிரின்டரும் மாட்டாத ஒரு கணினியில் முதலில் விட்டு, பிறகு கணக்குக் கணினி ஒன்றில் விட்டு, ஒரு வாரம் வேலை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்த்துவிட்டு மற்றவற்றுக்கு அனுமதி கொடுங்கள். மாதக் கடைசியில், சம்பளம் போடும் நாட்களில் எதையும் ஏற்றாதீர்கள். அப்டேட் ஓடும்போது யூபிஎஸ் கட்டாயம், மழைக்காலத்தில் மலையில் கரண்ட் எப்போது போகும் என்று யார் கண்டது! நெட் மெதுவாக இருந்தால் ‘டெலிவரி ஆப்டிமைசேஷன்’ என்பதை ஆன் செய்து, அலுவலக நெட்வொர்க்குக்கு மட்டும் என்று வையுங்கள், ஒரு கணினி இறக்கியதை மற்றவை அதனிடமிருந்தே வாங்கிக்கொள்ளும். பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) போட்டிருந்தால் அதன் 48 இலக்க ரெகவரி கீயை அப்டேட்டுக்கு முன்பே தாளில் எழுதிப் பீரோவில் பூட்டி வையுங்கள், அந்தக் கணினிக்குள்ளேயே சேமித்து வைத்தால் கேட்கும் நேரத்தில் எடுக்க முடியாது.