ஸ்பிட்ஃபயரா, மிட்ஜெட்டா? கேள்வி பதில்

கேள்வி: ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர், எம்ஜி மிட்ஜெட்னு ரெண்டு பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்ல எதை வாங்கலாம் சார்? ரிப்பேர் எல்லாம் நானேதான் பார்க்கணும்.

பதில்: ஸ்பிட்ஃபயர். பானெட்டும் மட்கார்டுகளும் ஒரே துண்டாக முன்னால் சாய்ந்து திறக்கும். டயர்மேல் உட்கார்ந்தபடியே கார்புரேட்டரைக் கழற்றலாம்.

கேள்வி: அப்பா சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு வைத்திருந்தார். ஸ்பிட்ஃபயர் அதற்கு உறவா அண்ணா?

பதில்: நெருங்கிய உறவு. இங்கிலாந்தின் ட்ரையம்ஃப் ஹெரால்டுதான் இங்கே ஸ்டாண்டர்டு ஹெரால்டாக வந்தது. அதன் பாகங்களை வைத்தே 1962-ல் ஸ்பிட்ஃபயரைக் கொண்டுவந்தார்கள். இரண்டையும் வடிவமைத்தவர் இத்தாலியின் ஜியோவானி மிக்கெலோட்டி. கூடவே ஹெரால்டின் ஸ்விங் ஆக்ஸிலும் (பின்சக்கரங்கள் தனித்தனியே மேலும் கீழும் ஆடும் அச்சு) வந்து சேர்ந்தது. வளைவில் வேகமாகப் போகும்போது பயந்துபோய் ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று விட்டால் வண்டியின் பின்பக்கம் எழும்பும், வெளிப்பக்கச் சக்கரம் அடியில் மடங்கும், வண்டி சுழன்றுவிடும். 1970-ல் வந்த மார்க் 4-ல் பின் ஸ்பிரிங் அமைப்பை மாற்றி இதைப் பெரிதும் அடக்கினார்கள். முதன்முறையாக வாங்குபவர் அதற்கு முந்தைய மாடலைத் தேட வேண்டாம்.

கேள்வி: அப்போ ஓட்டுறதுக்கு மிட்ஜெட்தான் நல்லதா?

பதில்: ஆமாம். அதிலும் 1966 முதல் 1974 வரை வந்த 1275 சிசி மாடல் எனக்கு மிகவும் பிடித்தது. ஸ்டியரிங்கை லேசாக அசைத்தாலே திரும்பும், வளைவில் திடுக்கிட வைக்காது. உயரமானவர்களுக்கு மட்டும் முழங்கால் இடிக்கும்.

கேள்வி: 1500 மாடல்ல ரெண்டுக்கும் ஒரே எஞ்சினாமே?

பதில்: உண்மை. இரண்டும் பிரிட்டிஷ் லேலண்டின் கீழ் இருந்ததால், 1974-ல் மிட்ஜெட்டுக்கும் ட்ரையம்ஃபின் 1493 சிசி எஞ்சினையே வைத்தார்கள். வாங்கும் முன் ஒருவரைக் கிளட்சை மிதிக்கச் சொல்லிவிட்டு எஞ்சினின் முன்னால் பெல்ட் ஓடும் கிராங்க் புல்லியைப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும்படி முன்னால் நகர்ந்தால், கிராங்க் முன்பின் நகராமல் தடுக்கும் த்ரஸ்ட் வாஷர் தேய்ந்திருக்கிறது. அது கழன்று விழுந்தால் எஞ்சின் பிளாக்கே வீணாகும்.

கேள்வி: துரு எங்கே பார்க்கணும்?

பதில்: மிட்ஜெட்டுக்குத் தனி சேஸி கிடையாது, பாடியேதான் எல்லாப் பாரத்தையும் தாங்குகிறது. கதவுக்குக் கீழுள்ள பெட்டிப் பகுதியையும் பின் ஸ்பிரிங் மாட்டியிருக்கும் இடத்தையும் தட்டிப் பாருங்கள். ஸ்பிட்ஃபயருக்குச் சேஸி தனி என்றாலும் கதவுக்குக் கீழுள்ள பகுதி அதிலும் பாரம் தாங்குவதுதான். கதவு இடைவெளி மேலே குறுகியும் கீழே அகன்றும் இருந்தால் விலை பேசாமல் திரும்பிவிடுங்கள்.

கேள்வி: முன்சக்கரத்துக்கு கிரீஸ் எவ்வளவு நாளுக்கு ஒருமுறை அடிக்கணும்?

பதில்: மிட்ஜெட்டின் முன்சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின்னுக்குத் தவறாமல் அடியுங்கள். ஸ்பிட்ஃபயரின் முன்சக்கரம் திரும்பும் கீழ் மூட்டான ட்ரன்னியனுக்கு கிரீஸ் வேண்டாம், 90 கிரேடு கியர் ஆயில்தான். கிரீஸ் மரைகளுக்குள் சரியாகப் போய்ச் சேராது. உள்ளே துரு அரித்து, ஓடும்போதே முறிந்து சக்கரம் மடங்கிவிடும்.