மென்பொருள் பேஸ் ஷியரைக் கொடுத்துவிடுகிறது, அப்புறம் என்ன படிக்க வேண்டும்?

கேள்வி: சிவில் முடித்துவிட்டு ஒரு கட்டமைப்பு வடிவமைப்பு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். ஈடாப்ஸ் என்ற கட்டமைப்புப் பகுப்பாய்வு மென்பொருளில் மாடல் போட்டு நிலநடுக்கச் சுமை கொடுத்தால், பேஸ் ஷியரை (கட்டடத்தின் அடியில் வரும் மொத்தப் பக்கவாட்டு விசை) அதுவே கணக்கிட்டுவிடுகிறது, அது சொல்லும் கம்பி அளவை வரைபடத்தில் ஏற்றுகிறோம். உள்ளே என்ன நடக்கிறது என்று புரியவில்லை. நிலநடுக்கப் பொறியியலை எந்த வரிசையில் படிப்பது? முதுகலை கட்டாயமா?

பதில்: முதலில் நான் ஒன்று கேட்கிறேன். பீமுக்கு மென்பொருள் சொன்னதைவிட இரண்டு கம்பி கூடுதலாகப் போட்டால் கட்டடம் பாதுகாப்பாகுமா, ஆபத்தாகுமா? "கூடுதல் கம்பி எப்படி ஆபத்தாகும்?" என்று தோன்றினால், நீங்கள் படிக்கத் தொடங்க வேண்டிய இடம் அதுதான். கட்டடத்தின் அதிர்வைக் கணக்கிடும் டைனமிக்ஸ்கூட அதற்கு அப்புறம்தான். பெரும்பாலான பாடத்திட்டங்கள் இதைத் தலைகீழாக வைத்திருக்கின்றன, அதனால்தான் சமன்பாடு தெரிந்த பலருக்கும் நெடுங்கம்பிகளைச் சுற்றிப் போடும் ரிங் ஏன் அத்தனை நெருக்கமாக வேண்டும் என்று தெரிவதில்லை.

பெரிய நிலநடுக்கம் கொண்டுவரும் முழு விசைக்கும் சாதாரணக் கட்டடத்தை வடிவமைக்கும்படி விதிகள் கேட்பதில்லை. சேதமே இல்லாமல் நின்றால் ஒரு கட்டடத்துக்கு அதன் எடையில் 80 சதவீதம் பக்கவாட்டு விசை வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க விதியில் சிறப்பு மொமென்ட் ஃபிரேமுக்கு (பீமும் தூணும் விறைப்பாக இணைந்த சட்டகம்) குறைப்புக் காரணி, அதாவது விசையை வகுக்கும் எண், 8, ஆக நாம் எடுக்கும் விசை எடையில் 10 சதவீதம்தான். மீதி எங்கே போனது? எங்கும் போகவில்லை. நாம் கணக்கில் எடுக்காத கூடுதல் வலிமை அதில் ஒரு பங்கைப் பார்த்துக்கொள்ளும், மற்றதற்குக் கட்டடம் வளைந்து, விரிசல் விட்டு, ஆனால் விழாமல் ஈடுகொடுக்க வேண்டும். இந்தத் தன்மையைத்தான் டக்டிலிட்டி என்கிறோம்.

சேதம் வரும் என்று ஒப்புக்கொண்ட பிறகு, எங்கே வரலாம் என்பதை நாம்தான் முடிவு செய்தாக வேண்டும். பீமின் முனைகளில் வரலாம், தூணில் வரக்கூடாது. ஒரு இணைப்பில் சேரும் தூண்களின் மொத்த வளைவு வலிமை பீம்களுடையதைவிட அதிகமாக இருக்க வேண்டும்: அமெரிக்கக் கான்கிரீட் விதி ஏசிஐ 318 குறைந்தது 1.2 மடங்கு என்கிறது, ஐரோப்பாவின் யூரோகோடு 8 என்ற விதி 1.3 மடங்கு, இந்திய விதி ஐஎஸ் 13920இன் 2016 பதிப்பு 1.4 மடங்கு. எண் மாறுகிறது, எண்ணம் ஒன்றுதான். இப்போது அந்த இரண்டு கூடுதல் கம்பிக்கு வாருங்கள். பீம் வலுத்துவிட்டால் சேதம் தூணுக்கு நகரலாம், அல்லது பழைய கம்பி அளவை வைத்துப் போட்ட ரிங்குகள் போதாமல் பீமே வெட்டுவிசையில் சட்டென்று போகலாம். மேலே இருக்கும் ஸ்லாபின் கம்பியும் பீமுக்கு வலிமை சேர்க்கும், பலர் அதைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

ரிங்குகள் எவ்வளவு முக்கியம் என்று புரிய கலிஃபோர்னியாவில் 1971இல் வந்த சான் ஃபெர்னாண்டோ நிலநடுக்கத்தில் ஆலிவ் வியூ மருத்துவமனைக்கு என்ன ஆனது என்று பாருங்கள். மேல்தளங்கள் விறைப்பாகவும் கீழே தூண்கள் மட்டுமாகவும் இருந்த புதுக் கட்டடம், அசைவெல்லாம் கீழேதான் குவிந்தது. சுருள் கம்பி சுற்றிய தூண்கள் பயங்கரமாகச் சாய்ந்தும் சுமையை விடவில்லை, அதே தளத்தில் சாதாரண ரிங் போட்ட மூலைத் தூண்கள் நொறுங்கிப்போயின. இந்த இரண்டு வகைத் தூண்களின் புகைப்படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ரிங்கின் முனையை உள்ளே மடக்கும் 135 டிகிரி கொக்கி எதற்கு என்று யாரும் உங்களுக்குச் சொல்ல வேண்டியிருக்காது.

சரி, இப்போது டைனமிக்ஸ். ஒரு நிறை, ஒரு விறைப்பு, அவ்வளவுதான் தொடக்கம், காகிதத்திலேயே போடுங்கள். 200 டன் நிறை, மீட்டருக்கு 80,000 கிலோநியூட்டன் விறைப்பு என்றால் அலைவு நேரம் (ஒரு முறை ஆடித் திரும்பும் நேரம்) சுமார் 0.31 நொடி. விறைப்பை இரட்டித்தால் 0.22 ஆகும், பாதியாகாது, ஏனென்றால் நடுவில் வர்க்கமூலம் இருக்கிறது. இது கைவந்ததும் ரெஸ்பான்ஸ் ஸ்பெக்ட்ரத்தை (ஒவ்வொரு அலைவு நேரத்துக்கும் வரும் உச்ச அசைவைக் காட்டும் வரைபடம்) நீங்களே ஒரு சின்ன நிரலில் வரைந்து பாருங்கள். அதற்கு வேண்டிய நில அசைவுப் பதிவாக 1940 எல் சென்ட்ரோ நிலநடுக்கப் பதிவு எளிதாகக் கிடைக்கும். அதற்குப் பிறகு பல மாடி, மோட்கள் (கட்டடம் ஆடும் வெவ்வேறு வடிவங்கள்), அவற்றின் அலைவு நேரத்தைத் தரும் ஐகன் மதிப்புகள். கணிதம் என்று பயப்பட வேண்டாம், இரண்டாம் வரிசை வகைக்கெழுச் சமன்பாடும் அணிகளும் தெரிந்தால் போதும்.

அலைவு நேரம் தெரிந்த பிறகு 1985 மெக்சிகோ நகரத்தைப் படியுங்கள். மையம் 350 கிலோமீட்டருக்கும் அப்பால், ஆனாலும் பழைய ஏரிப் படுகையின் மென்களிமண் ஏறக்குறைய 2 நொடி அலைவைப் பெருக்கிவிட, அதற்கு அருகில் வந்து சேர்ந்த நடுத்தர உயரக் கட்டடங்கள்தான் அதிகம் அடிவாங்கின. அங்கே விரிசல் விட்டு விறைப்பு குறையக் குறையக் கட்டடத்தின் அலைவு நேரம் நீண்டு மண்ணின் நேரத்தை நோக்கியே போனது. மண் பொறியியலைத் தனிப் பாடம் என்று ஒதுக்கக் கூடாது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

மென்பொருளை விட்டுவிடச் சொல்லவில்லை. ஆனால் அடுத்த மாடலிலிருந்து பேஸ் ஷியரையும் அலைவு நேரத்தையும் முதலில் கையால் போட்டுவிட்டு அப்புறம் ஓட்டுங்கள். பெரிதாக வேறுபட்டால் நிறை எதையோ விட்டிருப்பீர்கள், அல்லது விரிசல் விட்ட பிரிவின் விறைப்பைக் குறைக்க மறந்திருப்பீர்கள் (பீமின் விறைப்பை 0.35ஆலும் தூணின் விறைப்பை 0.70ஆலும் பெருக்குவது பழக்கம்). குறைக்காவிட்டால் மாடிகளுக்கு இடையிலான நகர்வு பொய்யாகக் குறைவாகத் தெரியும். செங்கல் சுவர்களைச் சுமையாக மட்டும் ஏற்றிவிட்டு அவற்றின் விறைப்பை மறப்பது இன்னொரு பழைய வியாதி, அரைச்சுவருக்குப் பக்கத்துத் தூண், சுவருக்கு மேலுள்ள பகுதி மட்டும் அசையும் குட்டைத் தூணாகி வெட்டுவிசையில் உடைவது அப்படித்தான்.

முதுகலை கட்டாயமில்லை, ஆனால் உதவும். சேர்வதானால் கல்லூரிப் பெயரைவிட, கட்டமைப்பு டைனமிக்ஸ், நெகிழ்வு எல்லையைக் கடந்த பிறகு கான்கிரீட்டின் நடத்தை, ஒரு சோதனைக்கூடம் மூன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள். மாதிரித் தூண் ஒன்று இழுத்துத் தள்ளி உடைக்கப்படுவதை நேரில் பார்ப்பது ஒரு பருவப் பாடத்துக்குச் சமம். சேர முடியாவிட்டால் நிலநடுக்கத்துக்குப் பின் எழுதப்படும் கள ஆய்வு அறிக்கைகளைப் படியுங்கள், பல இலவசம். நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் 2011 நிலநடுக்கத்தில் 115 பேர் இறந்த சிடிவி கட்டடம் பற்றிய விசாரணை அறிக்கை நீளமானது, இருந்தாலும் முழுதாகப் படியுங்கள். தூணின் ரிங்குகள், ஸ்லாபுக்கும் சுவருக்கும் இருந்த இணைப்பு, சமச்சீரற்ற அமைப்பு எல்லாம் ஒரே கட்டடத்தில் கிடைக்கும்.

புஷோவர் (பக்கவாட்டில் படிப்படியாகத் தள்ளிப் பார்ப்பது), நேரவரலாற்றுப் பகுப்பாய்வு (நிலநடுக்கப் பதிவை நொடிக்கு நொடி கொடுத்துப் பார்ப்பது), ஓப்பன்சீஸ் என்ற ஆய்வு மென்பொருள் இவற்றுக்கு அவசரமில்லை. ஒரு ஃபிரேமில் எந்த முனை முதலில் இளகும் என்று கையால் சொல்ல வந்த பிறகு அதே ஃபிரேமை ஓப்பன்சீஸில் போடுங்கள். விடை ஒத்துப்போகாத இடத்தில் இரண்டு நாள் செலவானாலும் காரணத்தைக் கண்டுபிடிக்காமல் அடுத்த மாடலுக்குப் போகாதீர்கள்.